குடிலில் சிலுவைக்கும் இடம் உண்டு

(திருவருகைக்காலத்தின் இறுதி வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் வாசித்துச் சிந்திக்க இங்கே தரப்படுகிறது.)



இன்னும் சில நாள்களில் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. குடில் கட்ட வைக்கோல் வந்துவிட்டது. மாடியில் நட்சத்திரம் தொங்குகிறது. கேரல் குழுவினர் அன்பியம் அன்பியமாகப் போய் வருகிறார்கள். துணிக்கடையிலும் கேக் கடையிலும் கூட்டம் அலைமோதுகிறது. இந்த மகிழ்ச்சி நல்லது, நமக்குத் தேவையானது. வானதூதர் இடையர்களுக்குக் கொண்டுவந்ததும் மகிழ்ச்சியின் செய்திதான். இருந்தாலும், இந்த நாள்களில் நாம் நம்மையே கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்முடைய விழாவில் சிலுவை எங்கே இருக்கிறது?

"கிறிஸ்து பிறப்பு நேரத்தில் எதற்குச் சிலுவையைப் பற்றிய பேச்சு? அதற்குத்தான் தவக்காலம் இருக்கிறதே, பெரிய வெள்ளி இருக்கிறதே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு நம் தாயாம் திருஅவை ஆண்டுதோறும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதில் பீடத்தில், அருள்பணியாளர் அணியும் திருவுடையின் நிறத்தில் இருக்கிறது.

டிசம்பர் 24 இரவிலும் 25 பகலிலும் வெண்ணிறத் திருவுடை. மறுநாள் 26ஆம் தேதி அருள்பணியாளர் பீடத்துக்கு வரும்போது நிறம் சிவப்பு. முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவானின் விழா அது. கல்லால் எறிந்து கொல்லப்பட்டவர் அவர். தம் ஆண்டவர் சிலுவையில் செய்ததுபோலவே, தம்மைக் கொன்றவர்களுக்காக மன்றாடிக்கொண்டே உயிர்விட்டவர். 27ஆம் தேதி திருத்தூதர் புனித யோவான். சிலுவையடியில் மரியாவோடு நின்ற அன்புச் சீடராகத் திருஅவையின் மரபு அவரையே காண்கிறது. 28ஆம் தேதி மீண்டும் சிவப்பு. ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் விழா. 29ஆம் தேதி, 1170ஆம் ஆண்டில் தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட கான்டர்பரி பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் நினைவு. குடிலில் பாலன் இயேசுவை வைத்து ஒரு நாள்கூட முழுதாக முடியவில்லை. அதற்குள் திருஅவை நம்மை இரத்தம் சிந்தியவர்களிடம் அழைத்துப் போகிறது. எண்கிழமை முழுவதும் சிலுவை நம் கண்முன்னே இருக்கிறது. நாம்தாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

அன்பார்ந்தவர்களே, நற்செய்தியாளர்களும் இதே வழியில்தான் எழுதியிருக்கிறார்கள். இயேசுவின் பிறப்பைச் சொல்லும்போதே அவருடைய இறப்பைத் தொட்டுக்காட்டுகிறார்கள். மூன்று அடையாளங்களை மட்டும் இன்று பார்ப்போம்.

முதல் அடையாளம், துணி. லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் மரியா தம் தலைமகனைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துகிறார். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றுவது எல்லாத் தாய்மாரும் செய்வதுதான். ஆனால் அதையே ஓர் அடையாளமாக வானதூதர் இடையர்களுக்குக் கொடுக்கிறார். பிறகு அதே நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பு, உயிரற்ற இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கி, மெல்லிய துணியால் சுற்றி, பாறையில் குடைந்த கல்லறையில் வைக்கிறார். பிறந்தபோது சொந்த இடம் இல்லை. இறந்தபோதும் சொந்தக் கல்லறை இல்லை. இரண்டு இடத்திலும் அவர் பிறர் கைகளில் தம்மை ஒப்படைத்துவிட்டுக் கிடக்கிறார். கீழைத் திருஅவைகளின் கிறிஸ்து பிறப்புத் திருவோவியங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றில் குழந்தையைச் சுற்றிய துணி, அடக்கத்துக்குச் சுற்றிய துணிபோல் இருக்கும். தொட்டி ஒரு கல்லறைப் பெட்டிபோல் இருக்கும். பின்னால் இருண்ட குகை. அதை வரைந்தவர்கள் குழந்தையின் அழகை மறைக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. இந்தக் குழந்தை எதற்காக வந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது என்று நினைத்தார்கள்.

இரண்டாவது அடையாளம், ஒரு பட்டம். மத்தேயு நற்செய்தியில் இயேசுவை 'யூதர்களின் அரசர்' என்று முதன்முதலில் அழைப்பவர்கள் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள். அரசர் எங்கே என்று அவர்கள் கேட்டதும் ஏரோது கலங்குகிறான். அவனோடு எருசலேம் முழுவதும் கலங்குகிறது. அதற்குப் பிறகு பல அதிகாரங்கள் கடந்துபோகின்றன. அந்தப் பட்டம் மறுபடி எங்கே வருகிறது தெரியுமா? பாடுகளின் வரலாற்றில்தான். பிலாத்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கிறான். முள்முடி சூட்டிய படைவீரர்கள் அந்தப் பெயரைச் சொல்லி ஏளனம் செய்கிறார்கள். கடைசியில் அது ஒரு பலகையில் எழுதப்பட்டுச் சிலுவையில் அவருடைய தலைக்குமேல் வைக்கப்படுகிறது. நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் தேடிய அரசர் அந்த மரத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டார். நட்சத்திரம் காட்டிய வழி பெத்லகேமோடு முடிந்துவிடவில்லை. பெத்லகேமிலிருந்து எருசலேமுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தூரம்தான். அந்தச் சிறிய தூரத்தை நடந்து முடிக்க நம் ஆண்டவருக்கு ஒரு வாழ்நாள் ஆயிற்று.

மூன்றாவது அடையாளம், வெள்ளைப்போளம். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று நம் பிள்ளைகள்கூடத் தூக்கத்திலும் சொல்வார்கள். ஒரு குழந்தைக்கு வெள்ளைப்போளம் எதற்கு? மாற்கு நற்செய்தியில் கொல்கொதாவில் இயேசுவுக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சை மதுவைக் கொடுக்கிறார்கள். அவர் அதை ஏற்கவில்லை. யோவான் நற்செய்தியில் நிக்கதேம் இயேசுவின் அடக்கத்துக்கு வெள்ளைப்போளக் கலவையைக் கொண்டுவருகிறார். தொட்டிலருகே வைக்கப்பட்ட காணிக்கை கல்லறையருகே மறுபடி வருகிறது. அந்தத் தாய் அதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்? குழந்தையைக் கோவிலில் ஒப்புக்கொடுத்த நாளிலேயே, அவருடைய உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று முதியவர் சிமியோன் சொல்லிவிட்டாரே!

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, 'இயேசு' என்ற பெயரே நமக்குப் புரிகிறது. அவர் தம் மக்களை அவர்களுடைய பாவங்களிலிருந்து மீட்பார் என்பதால்தான் அந்தப் பெயரை இடும்படி யோசேப்புக்குச் சொல்லப்பட்டது. மீட்பு சிலுவையில் நிறைவேறியது. ஆக, குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே சிலுவை அந்தப் பெயருக்குள் வந்துவிட்டது. புனித பவுலும் பிலிப்பியருக்கு எழுதிய திருமடலில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். கடவுள் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கினார், மனிதரானார், தம்மைத் தாழ்த்தினார், சிலுவைச் சாவு வரைக்கும் கீழ்ப்படிந்தார் என்கிறார். கடவுள் இறங்கி வந்த படிக்கட்டில் முதல் படி பெத்லகேம், கடைசிப் படி கல்வாரி. முதல் படியில் மட்டும் அவரை வணங்கிவிட்டு நாம் திரும்பிவிட முடியுமா?

நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது அவர் கன்னி மரியாவிடம் பிறந்ததைச் சொன்ன உடனேயே, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டதைச் சொல்கிறோம். இடையில் ஒரு முற்றுப்புள்ளிக்குத்தான் இடம். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாத் திருப்பலியில், அவர் மனிதரானதைச் சொல்லும் அந்த வரியில் நாம் எல்லாரும் முழந்தாளிடுகிறோம். மற்ற ஞாயிறுகளில் தலை வணங்கும் இடத்தில், அன்று முழந்தாள். ஆண்டில் இரண்டே பெருவிழாக்களில் இப்படிச் செய்கிறோம். ஒன்று கிறிஸ்து பிறப்பு. மற்றொன்று மார்ச் 25, மங்கள வார்த்தைப் பெருவிழா. வரும் பெருவிழாவில் முழந்தாளிடும்போது, நமக்காகவும் நம் மீட்புக்காகவும் அவர் இறங்கி வந்தார் என்பதை மனதில் நிறுத்தி முழந்தாளிடுவோம்.

சகோதர சகோதரிகளே, நம் வீடுகளில் நாம் கட்டுகிற குடிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவு. இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்ற மலையூர். அசிசி நகர் புனித பிரான்சிஸ் அங்கே ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் கொண்டுவரச் செய்தார். ஒரு மாடும் கழுதையும் அழைத்துவரப்பட்டன. ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து கூடினார்கள். அந்தத் தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. திருத்தொண்டராயிருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். கவனியுங்கள், பிரான்சிஸ் வேடிக்கைக்காக ஒரு காட்சியை அமைக்கவில்லை. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் இடத்தில் கிடந்தவரே நமக்கு உணவாகத் தம் உடலைக் கையளிக்கிறார் என்பதை மக்கள் கண்ணால் காணவேண்டும் என்று விரும்பினார். பெத்லகேம் என்ற பெயருக்கே 'அப்பத்தின் வீடு' என்றுதானே பொருள்!

அதோடு பிரான்சிஸின் கதை முடியவில்லை. கிரேச்சோ இரவுக்கு ஒன்பது மாதம் கழித்து, 1224 செப்டம்பரில், திருச்சிலுவையின் மகிமை விழாவையொட்டிய நாள்களில், லா வெர்னா மலையில் செபித்துக்கொண்டிருந்த அதே பிரான்சிஸின் உடலில் ஆண்டவரின் ஐந்து திருக்காயங்கள் பதிந்தன. குடிலை நமக்குக் கொடுத்த மனிதரும் காயங்களைத் தாங்கிய மனிதரும் ஒருவரே. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று கிரேச்சோவுக்கே சென்று, குடிலைப் பற்றிய திருமடலில் கையொப்பமிட்டார். குடில் கட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் நின்றுபோகக்கூடாது என்பது அவருடைய ஆவல். நாமும் கட்டுவோம். பிரான்சிஸ் கட்டிய மனதோடு கட்டுவோம்.

இதெல்லாம் நம் வாழ்க்கைக்கு என்ன சொல்கிறது? ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நம் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். இந்த ஆண்டில் அங்கே ஓர் இறப்பு நிகழ்ந்திருக்கிறது. துக்க வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம் ஊர் வழக்கம். நட்சத்திரம் கட்டமாட்டார்கள். புதுத்துணி எடுக்கமாட்டார்கள். பலகாரம் சுடமாட்டார்கள். கேரல் குழுவும் அந்த வாசலருகே வரும்போது மேளத்தை நிறுத்திவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் உள்ளே, கணவரை இழந்த அந்தச் சகோதரியின் காதில், பிள்ளையை இழந்த அந்தத் தாயின் காதில், அந்த அமைதி எப்படிக் கேட்கும்? "இந்த வருடம் நமக்குக் கிறிஸ்து பிறப்பு இல்லை" என்றுதானே கேட்கும்!

நட்சத்திரமும் புதுத்துணியும் பலகாரமும்தான் விழா என்றால், உண்மையிலேயே அந்த வீட்டுக்கு விழா இல்லை. கையில் காசு இல்லாத வீட்டுக்கும் இல்லை. தொடர் சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வர முடியாமல்போன பெற்றோருக்கும் இல்லை. ஆனால் பிறந்திருப்பவர் நம்முடைய சாவைத் தாமே ஏற்று, அதைச் சிலுவையில் வென்றவர் என்றால், அந்த வீடுகளுக்குத்தான் அவர் முதலில் வருகிறார். சிலுவையை எடுத்துவிட்ட கிறிஸ்து பிறப்பு, மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடும். சிலுவை இருக்கும்போதுதான் அழுகிறவர்களுக்கும் அதில் இடம் கிடைக்கிறது.

நம் கடலோர மக்கள் இதை நன்கு அறிவார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும், கடலுக்கு அப்பால் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. விழாக் கொண்டாட வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரும் கடற்கரையிலேயே மாண்டார்கள். ஆலயங்களில் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. அந்த ஞாயிறுக்குத் திருஅவை குறித்திருந்த நற்செய்தி எது தெரியுமா? குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு யோசேப்பு எகிப்துக்கு ஓடிய நற்செய்தி. ஒரே நாளில் வீடும் உறவும் இழந்து முகாம்களில் கிடந்த நம் மக்கள்முன், எல்லாம் இழந்து ஓடிய ஒரு குடும்பத்தைத் திருஅவை வைத்தது.

ஏன் அப்படி நடந்தது என்பதற்கு எளிதான விளக்கம் சொல்ல நம்மால் முடியாது. நற்செய்தியாளர் மத்தேயுவும் சொல்லவில்லை. பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்டதைச் சொல்லும் இடத்தில், தன் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதல் பெற மறுக்கும் ராகேலை நினைவூட்டுகிறார். அவ்வளவுதான். அந்தத் தாயை "அழாதே" என்று அவர் அடக்கவில்லை. கிறிஸ்து பிறப்பு நிகழ்ச்சிக்குள்ளேயே அந்த அழுகைக்கு இடம் கொடுத்திருக்கிறார். நாமும் நம் விழாவில் அந்த இடத்தைக் கொடுக்கவேண்டும். அழுகிறவர்களிடம் நாம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கடவுள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர் தொட்டிக்கும் வந்தார், சிலுவைக்கும் வந்தார், கல்லறைக்கும் வந்தார். அங்கிருந்து உயிரோடு எழுந்தார். அதனால்தான் நம் நம்பிக்கை வீண்போகாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். வாழ்வில் வரும் எல்லாத் துன்பத்தையும் "இது எனக்கு வந்த சிலுவை" என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம் சிக்கிய மனைவியிடம், "உன் சிலுவை, பொறுத்துக்கொள்" என்று சொல்பவர்களும் உண்டு. அது நற்செய்தியின் போதனை அல்ல. ஏரோதின் வாள் குழந்தையைத் தேடி வந்தபோது யோசேப்பு என்ன செய்தார்? "இது கடவுள் கொடுத்த சிலுவை, இங்கேயே இருப்போம்" என்று இருந்துவிடவில்லை. கனவில் எச்சரிப்பு வந்த இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். கொடுமையிலிருந்து பலவீனரைக் காப்பாற்றுவது கடவுளுக்கு விருப்பமான செயல். இயேசு சிலுவையை ஏற்றது யாரோ வற்புறுத்தியதால் அல்ல. தமது நேரம் வந்தபோது, நம்மேல் கொண்ட அன்பினால், மனமுவந்து ஏற்றார். சிலுவை என்பது தலையெழுத்தின் இன்னொரு பெயர் கிடையாது. அது கடைசிவரை போகும் அன்பின் பெயர். பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணோ குழந்தையோ அடிபடும்போது கதவைத் தட்டிக் காப்பாற்றுகிறவர், யோசேப்பின் வேலையைச் செய்கிறார். அதற்கு விலை கொடுக்க நேர்ந்தால், அந்த விலைதான் அவருடைய சிலுவை.

அன்பானவர்களே, இந்தப் பெருவிழாவில் சிலுவையை நம் நடுவில் வைக்க நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

வீட்டில் குடில் கட்டும்போது, செபப் பீடத்தில் இருக்கும் பாடுபட்ட சுரூபத்தை அலங்காரத்துக்காக ஒதுக்கிவைக்காதிருப்போம். அதன் அடியிலேயே குடிலைக் கட்டுவோம். பிள்ளைகள் "ஏன் இங்கே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே நல்ல மறைக்கல்வி வகுப்பாகும். பெற்றோர்கள் பதில் சொல்லுங்கள்.

பெருவிழாவுக்கு முன் ஒப்புரவு அருளடையாளம் பெறுவோம். சொத்துத் தகராறிலோ வார்த்தைத் தகராறிலோ பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எத்தனை பேர்! முதலில் போய்ப் பேசுவது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். கடவுள்தாமே முதலில் இறங்கி வந்தார். அதை நினைத்தால் நமக்குத் துணிவு வரும்.

24ஆம் தேதி இரவுத் திருப்பலியோடு நிறுத்திவிடாமல், முடிந்தவர்கள் 26, 27, 28 ஆகிய நாள்களின் திருப்பலியிலும் பங்குகொள்வோம். ஸ்தேவானும் யோவானும் மாசில்லாக் குழந்தைகளும் நமக்குக் கிறிஸ்து பிறப்பின் ஆழத்தைக் கற்பிப்பார்கள். நம்பிக்கைக்காக இன்றும் துன்புறும் கிறிஸ்தவர்களை ஸ்தேவானின் நாளில் நினைத்து மன்றாடுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நட்சத்திரம் கட்டாத அந்த வீட்டுக்குப் போவோம். மேளமும் ஆட்டமும் வேண்டாம். அன்பியத்தார் நாலைந்து பேர் போதும். ஒரு மெழுகுவர்த்தியும் வீட்டில் சுட்ட பலகாரமும் எடுத்துப் போங்கள். அவர்களோடு உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு செபம் செய்யுங்கள். அவர்கள் அழுதால் கூட இருந்து கேளுங்கள். பெரிய ஆறுதல் மொழிகளைத் தேடவேண்டியதில்லை. இடையர்களும் தொட்டியருகே பேச்சுத் திறமையோடு வந்தவர்கள் அல்லர். கேட்டதை நம்பி வந்தார்கள், கண்டதைச் சொன்னார்கள். சிலுவையில் இறந்து உயிர்த்த ஆண்டவர் பிறந்திருக்கிறார் என்ற செய்தி அந்த வீட்டுக்குள் போகட்டும். அப்போது அங்கேயும் கிறிஸ்து பிறப்பு.

இறைவா, உம் திருமகனை எங்களுக்குக் கையளித்தீர். தொட்டியில் அவரை வணங்கும் நாங்கள், சிலுவையில் அவர் காட்டிய அன்பை மறவாதிருக்க எங்களுக்கு அருள்தாரும். இந்த ஆண்டில் தம் அன்புக்குரியவர்களை இழந்தவர்கள், நோயாளர்கள், கடனில் தவிப்போர், வீட்டுக்குள்ளேயே கொடுமைக்கு ஆளாவோர் அனைவரையும் உம்முன் வைக்கிறோம். மரியாவைப் போல் இவர்கள் உள்ளங்களும் வாளால் ஊடுருவப்பட்டிருக்கின்றன. இவர்களை உம் பிள்ளை பிறந்த இடத்துக்கு அழைத்து வாரும். எங்களை அவர்களிடம் அனுப்பும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.

உங்களுக்கும் உங்கள் குடும்பங்களுக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.